முதல்வர் கையில் ஒரு பஜ்ஜி

சனிக்கிழமை காலை திருமதி ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தார். "அவரு போயிட்டாரும்மா, தூக்கத்துலயே. நீங்க அனுப்பின புதுப் புத்தக ப்ரூஃபைப் பாதி திருத்தி வச்சிருக்காரு. வரும்போது எடுத்துக்கிட்டுப் போயிடுங்க." நாவலாசிரியர் அருளப்பன் சார் மறைந்த செய்தி அவர் மனைவி மூலம் எனக்கு இப்படித்தான் வந்தது.

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். தலைமைச் செயலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து, ஒரு முதல்வர் சொல்லச் சொல்லப் பல ஆண்டுகள் குறிப்பெடுத்தவர். அந்த முதல்வர் காலமான பிறகு, அவரையே சொந்தப் பெயரில் பாத்திரமாக்கி ஒரு நாவல் எழுதி, தி. நகரில் நான் வேலை பார்க்கும் பதிப்பகத்துக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு இந்த வகை நாவல்கள்மீது நம்பிக்கை கிடையாது. இறந்த தலைவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில், எழுத்தாளர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அவர் வாயால் சொல்ல வைத்துவிடுவார்கள். 'இது அவர் சொன்னதா, நீங்கள் சொல்வதா?' என்று பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். நூறு பக்கம் தாண்டியதும் ஒன்று புரிந்தது.

"சார், உங்க முதல்வர் பஜ்ஜியைக் கையில எடுத்தா மட்டும் உங்களை மாதிரியே பேச ஆரம்பிச்சுடறாரே?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். "அவரு நிஜமா சொன்னதை நோட்டுல இருக்கிற மாதிரியே போட்டிருக்கேன் மேடம். சொந்தச் சரக்குன்னா ஒரு பஜ்ஜி குடுத்துடுவேன். மனுஷன் எண்ணெய்ப் பலகாரமே தொட மாட்டாரு. ஒரு ஸ்டெனோவுக்கு அந்த மனசாட்சியாவது வேணாமா?"

அப்படி பஜ்ஜியோடு வந்த வரி ஒன்று: 'மனு கொடுக்க வந்தவருக்கு முதலில் நாற்காலி கொடுங்கள், பதிலை அப்புறம் யோசிக்கலாம்.' மனுதாரர்கள் கால்கடுக்க நிற்பதை வருடக்கணக்கில் பார்த்தவரின் வரி. நாவல் சுமாராகத்தான் விற்றது. அந்த வரி மட்டும் மந்தைவெளிப் பக்கம் ஒரு கவுன்சிலர் அலுவலகச் சுவரில், முதல்வர் படத்தின் கீழே, முதல்வரின் பொன்மொழியாக ஏறிவிட்டது.

மறுத்துக் கடிதம் எழுதலாம் என்றேன். அவர் என்னை அங்கே அழைத்துப் போனார். படத்தடியில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறிலும் ஆட்கள்.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா நாற்காலி போட்டிருப்பாங்களா மேடம்? நான் இருக்கிறவரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

வெளியே வந்தபின் ஒருமுறை திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார். தன் வரியில் தன் பெயர் இருக்கவேண்டுமென்ற ஆசை அவருக்கும் இருந்தது.

அஞ்சலி செலுத்த அந்தக் கவுன்சிலரும் வந்திருந்தார். ஸ்டெல்லா அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, உடன் வந்தவரிடம், "இன்னாபா, அம்மா நின்னுகினு கீறாங்கோ. ஒரு சேர் போடு. தலைவரே சொல்லிக்கீறாரு" என்றார். ஸ்டெல்லா அம்மா உட்கார்ந்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் அங்கே வாய் திறக்கவில்லை.

இங்கே திருத்துகிறேன். அந்த வரி அருளப்பன் சாருடையது. தயவுசெய்து நாற்காலிகளை எடுத்துவிட வேண்டாம்.

போய் வாருங்கள், சார். கடைசியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது என்னிடம் சொன்னீர்கள்: "உங்க பென்சில் குறிப்பு ஒண்ணைக்கூட நான் அழிக்கல மேடம். நாவலைவிட அதுதான் நல்லா இருந்துச்சு."

அப்போது உங்கள் கையில் ஒரு பஜ்ஜி இருந்தது.