இரண்டு போத்தல் மூட்டைப்பூச்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் டி.டி.டி. மருந்து அடித்தும் மூட்டைப்பூச்சி சாகவில்லை. “வீட்ட கூட்டிப் பெருக்கினாத்தானே சாகும்” என்றார் அந்த மருந்தைக் கொடுத்த தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா. அந்த ரோஷத்தில் மருந்தை இரட்டிப்பாகக் கரைத்து, மகள் படுக்கும் கட்டில் பாயில் தெளித்தேன். மகள்தான் வாந்தியெடுத்து மயங்கினாள். பூச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளை தேறியதும், மருந்தே அடிக்காத இறம்பொடைத் தோட்டத்துக்குப் போய், தங்கை வீட்டுப் பூச்சிகளை ஒரு போத்தலில் பிடித்து வந்தேன். எங்கள் பூச்சிகளை இன்னொன்றில் போட்டேன். இரண்டையும் ஐயாவின் மேசையில் வைத்து, “உங்க கையாலயே ரெண்டுலயும் ஒரே அளவு மருந்து போடுங்க” என்றேன்.

மறுநாள் தங்கை வீட்டுப் பூச்சிகள் செத்துக் கிடந்தன. எங்களுடையவை ஊர்ந்துகொண்டிருந்தன.

“எங்க பூச்சிக்கு உங்க மருந்து பழகிப்போச்சுங்க. அழுக்கு எங்க வீட்டுல இல்லீங்க” என்றேன்.

இப்போது கட்டிலுக்குக் கொதிநீர்தான் ஊற்றுகிறேன். யாராவது எங்கள் சுத்தத்தைப் பற்றி வாய் திறந்தால், அந்த இரண்டு போத்தல்களையும் எடுத்து முன்னால் வைக்கிறேன்.