ஹோல்டான், புயல்!

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேங்கிக்காலில் வீடு கட்டியபோது வாஸ்து பார்த்தோம், தண்ணீர் பார்த்தோம், பக்கத்து வீட்டுக்கு நாய் வருமா என்று ஜோசியம் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு முருகவேல் அண்ணன் அப்போது அரசு பஸ்ஸில் கண்டக்டர். விடியுமுன் வேலூர் வண்டிக்குப் போனால் ஊர் அடங்கித்தான் திரும்புவார். வாசலில் ஸ்கூட்டர் நின்றால் மனிதர் வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

பிறகு ரிடையர் ஆனார். காலமெல்லாம் நின்றே சம்பாதித்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆளே சுருங்கிப்போனார். டிவி ஓடும், பார்க்க மாட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். அவர் மனைவி சந்திரகலா அக்கா மதில் ஓரம் வந்து என்னிடம் புலம்புவாள்.

"ஊட்ல ஒரு ஆள் இருக்குதுன்னே தெரியல நந்தினி. வாயத் தொறந்தாத்தானே சண்டையாவது போடலாம்?"

சென்னையில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் கவியா, ஒரு புயல் மழை வாரத்தில் ஊருக்கு வந்தாள். கால்வாயில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்து அப்பாவின் மடியில் போட்டாள். லீவு முடிந்ததும் அவள் பஸ் ஏறிவிட்டாள், குட்டி தங்கிவிட்டது. புயலில் வந்ததால் புயல் என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தகப்பன் ஏதோ வேட்டை நாயாக இருந்திருக்க வேண்டும். சில மாதங்களில் குட்டி முழுக்கக் காலாகவே வளர்ந்தது. கேட் ஒரு சாண் திறந்தால் போதும், அடுத்த நிமிஷம் தெருமுனையில் நிற்கும். என் செருப்புகளில் எப்போதும் ஒற்றையைத்தான் எடுக்கும். ஜோடியாக எடுத்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். கூரியர் கொண்டுவந்த பையனை ஒருநாள் விளையாட்டாகத் துரத்தி, வண்டியோடு சாய்த்துவிட்டது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று, நல்லவேளை.

கூப்பிட்டால் வராது. அதுதான் பிரச்சினையே. அக்கா கூப்பிடும் அழகைப் பார்க்க வேண்டுமே! நீட்டிய கையில் பொறை பிஸ்கட், முதுகுக்குப் பின்னால் துடைப்பக்கட்டை. "வாடா என் கண்ணு, வாடா என் ராசா" என்று குரலில் தேன் வடியும். நாய் பிஸ்கட்டைப் பார்க்காது, முதுகைத்தான் பார்க்கும். ஏமாந்து வந்தால் இரண்டு போட்டுச் சங்கிலியில் கட்டுவாள். அடுத்த தடவை இன்னும் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்.

அண்ணன் அடிக்க மாட்டார். சாயந்திரம் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய் அவிழ்த்து விடுவார். வற்றிய ஏரியின் அந்தக் கோடிவரை அது ஓடுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் அதைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரின் பல்வரிசையை நான் பார்த்தது அன்றுதான். ஆனால் இருட்டியதும் அதைப் பிடிப்பதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிடும்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கண்டக்டர் விசில்! பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்தார். ஒரு விசில் அடித்து ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு கொடுத்தார். முதலில் கூடத்தில், பிறகு மாடியில், பிறகு தெருவில். கருவாடு இருந்தது அவருடைய பழைய தோல் பையில், சில்லறை போடும் அறையில். சீக்கிரமே விசில் சத்தம் கேட்டதும் நாய் எங்கிருந்தாலும் பறந்து வந்தது. தெருவே அசந்துபோனது. எனக்கும் ஆச்சரியம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும், கண்டக்டருக்குச் சறுக்காதா? எங்கள் தெருவுக்கு அடுத்தது வேலூர் மெயின் ரோடு. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் நிற்காத பஸ் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு கண்டக்டர், ஒவ்வொரு கண்டக்டர் வாயிலும் ஒரு விசில். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், வாழ்நாளெல்லாம் அதையே ஊதிய மனிதருக்கு மட்டும் மறந்துவிட்டது.

ஒரு காலை, ஸ்டாப்பில் டவுன் பஸ் வந்து விசில் கேட்டது. திறந்திருந்த கேட் வழியாகப் புயல் பாய்ந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறி, கண்டக்டரின் பைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கண்டக்டர் சக்திவேல், அண்ணனிடம் தொழில் பழகியவன். போன் பண்ணினான்.

"அண்ணே, உங்க நாயி நம்ம வண்டில ஏறிடுச்சு. எறங்க மாட்டேங்குது. பைய மோந்து மோந்து பாக்குது. லேடீஸ் எல்லாம் சீட்டு மேல ஏறி நிக்கிறாங்க!"

பஸ் ஸ்டாண்டில் வந்து பிடித்துக்கொள்ளச் சொன்னான். அண்ணன் ஸ்கூட்டரில் ஓடினார். அவர் போனதும் அக்கா கொதித்துவிட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நாய் தப்பிப் பிழைத்ததே அண்ணாமலையார் புண்ணியம். திரும்பி வந்தவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இதோ பாருங்க. கார்த்திகை தீபத்துக்குள்ள இது கூப்புட்டா வரணும். வரலன்னா என் தம்பி குமரேசன் வந்து கொல்லிக்குக் கூட்டிட்டுப் போவட்டும். ரோட்ல அடிபட்டுச் செத்து, அத நீங்க அள்ளிட்டு வந்து மறுபடியும் நாற்காலில உக்காந்தா, என்னால பாக்க முடியாது."

குமரேசனின் கொல்லி, அதாவது வயல்காடு, கலசப்பாக்கம் பக்கம். அங்கே மோட்டார் கொட்டாயில் ஏற்கனவே ஒரு நாய் இருந்தது. குட்டியாகக் கட்டியது, கிழடாகியும் அதே முளையில் கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை மதில் ஓரம் அவரே என்னைக் கூப்பிட்டார். அதுவே அதிசயம். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"நேத்து பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு பாத்தம்மா நந்தினி. ஒரு வண்டி வந்து நிக்குது. ஜனம் முட்டி மோதி ஏறுது, ஜன்னல் வழியா துண்டு போடுது. டிரைவர் தலைய நீட்டி 'டிப்போ போவுது'ன்னான். அவ்ளோதான், அத்தன பேரும் திட்டிக்கிட்டே எறங்கிட்டாங்க. டிப்போ போற வண்டில எவன் ஏறுவான்?"

"சரிங்கண்ணே, அதுக்கென்ன?"

"நாங்க இந்த நாய எப்பக் கூப்புடறோம்? கட்டறதுக்கு, குளிப்பாட்டறதுக்கு, ஊட்டுக்கு இழுத்துட்டுப் போறதுக்கு. எப்பக் கூப்புட்டாலும் டிப்போதான். அது ஏன் வரும்? ஸ்டாப்புல நின்னா வண்டி மறுபடியும் கெளம்பும்னு அதுக்குத் தெரியணும்மா."

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். அண்ணன் கண்டக்டராகவே கறக்க முடிவு செய்தார். விசிலைச் சக்திவேலிடமே கொடுத்துவிட்டார். இனி வாய்தான். வண்டியை நிறுத்தக் கண்டக்டர்கள் போடும் சத்தம் 'ஹோல்டான்'. கிளப்புவதற்கு 'போலாம், ரைட்'. ரோட்டுச் சத்தத்தில் பஸ் கண்டக்டரின் குரல் எங்கள் தெருவரை வராது, விசில்தான் வரும். அதனால் பயமில்லை.

ஹோல்டான் என்றதும் வந்தால் ஒரு துண்டு கருவாடு. கழுத்தைத் தடவி ஒரு வார்த்தை. உடனே 'போலாம், ரைட்!' மறுபடி ஓட்டம். வீட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும் கூப்பிடவே மாட்டார், அவரே அதனிடம் நடந்து போய்ச் சங்கிலி போடுவார். ஓடினால் பின்னால் துரத்த மாட்டார், எதிர்ப்பக்கம் திரும்பித் தானும் ஓடுவார். அறுபதைத் தாண்டிய மனிதர் ஏரியில் தனியாக ஓடுவதையும், நாய் திரும்பி அவரைத் துரத்துவதையும் பார்த்து, வாக்கிங் வந்தவர்கள் இதுவும் ஏதோ யோகா என்று நினைத்தார்கள். அவர் இடுப்பில் நீளமான நைலான் கயிற்றின் ஒரு முனை, நாயின் கழுத்தில் மறுமுனை. வராது என்று தெரிந்தால் வாயைத் திறக்க மாட்டார். "வராதப்ப கத்துனா, அந்தக் கத்தலுக்கு மரியாத போயிடும்மா" என்றார்.

மாடியில் நாயை ஒரு மூலையில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நாய் பிடிக்காத என்னை! போனேன். அது என் கையில் துடித்துக்கொண்டு அவர் வாயையே பார்க்கும். அதன் இதயம் என் உள்ளங்கையில் அடிக்கும். ஒற்றைச் செருப்புக் கோபம் அங்கேதான் கொஞ்சம் கம்மி ஆனது.

கார்த்திகை பிறந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றியதால் ஏரி காய்ந்தே கிடந்தது. அக்கா வீட்டில் முதல் தேதியிலிருந்தே கவிச்சி கிடையாது. தீபம் முடியும்வரை மீன்காரி தெருவில் வந்தால்கூட மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போவாள். "கருவாடு ஊட்டுக்குள்ள வந்துச்சு, நான் வெளிய போயிடுவேன்" என்றாள். கருவாட்டுப் பை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் குடியேறியது. ஏரிக்கு வந்து பயிற்சியைப் பார்க்கவும் அவள் மறுத்துவிட்டாள். நம்பி ஏமாறப் பயந்தாள் என்று நினைக்கிறேன்.

தீபத்துக்கு முந்திய ஞாயிறு. குமரேசன் குட்டி யானை வண்டியோடு வந்து ஏரிக்கரை ஓரம் நிறுத்தினான். அக்கா கையில் சங்கிலியோடு வந்தாள். நானும் போனேன், ஏன் என்று கேட்காதீர்கள். மெயின் ரோடு கரையை ஒட்டியே போகிறது. தீபத்துக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

பயிற்சி ஆரம்பித்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கயிறு இல்லாமல் அவிழ்த்துவிட்டார். இரண்டு தடவை கூப்பிட்டார், வந்தது. அக்கா முகம் லேசாக இளகியது. மூன்றாவது ஓட்டத்தில்தான் புதரிலிருந்து ஒரு கீரி கிளம்பியது. கீரி முன்னால், புயல் பின்னால், கரைமேல் ஏறி நேராக ரோட்டை நோக்கி. அந்தப் பக்கம் ஒரு ஸ்பெஷல் பஸ் வந்துகொண்டிருந்தது. அக்கா "ஐயோ!" என்று தலையில் கை வைத்தாள்.

"ஹோல்டான்!"

அது சாயந்திர வாக்கிங் குரல் இல்லை. நிரம்பிய வண்டியின் பின்படியிலிருந்து டிரைவர் காதுவரை போகும் குரல். ரிடையர் ஆன அன்று தொலைந்துபோன குரல். முதலில் பஸ் நின்றது. அந்த டிரைவருக்குக் காலில் ஊறிய வார்த்தை அது, யார் சொன்னது என்று பார்க்காமலே பிரேக்கை மிதித்துவிட்டார். ரோட்டோரக் கல்லுக்கு இப்பால் புயலும் சறுக்கிக்கொண்டு நின்றது. கீரி போன திசையை ஒரு தடவை பார்த்தது. திரும்பி இவரைப் பார்த்தது. பிறகு புழுதி பறக்க ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது.

அண்ணன் கருவாட்டை நீட்டினார். அக்கா ஓடி வந்து சங்கிலியோடு குனிந்தாள்.

"வேணாம் கலா" என்றார். "இப்பக் கட்டுனா இனிமே வராது."

"ரோடு இங்கியே இருக்குதுங்க! உங்களுக்கு இன்னா பைத்தியமா?"

"என்ன நம்பி வந்துச்சு கலா. கீரிய வுட்டுட்டு வந்துச்சு."

நாயின் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பினார். 'போலாம்' என்று ஆரம்பித்தவர் ரோட்டில் நின்ற பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். மீதி வார்த்தை வரவில்லை. நாய் காதைத் தூக்கிக் காத்திருந்தது. ரோட்டில் பஸ் டிரைவர் தலையை நீட்டி, "பெரியவரே, ஏறப்போறீங்களா இல்லியா?" என்று கத்தினார். அக்கா புருஷனைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். சங்கிலியைக் கீழே போட்டாள்.

"போலாம், ரைட்!" என்றாள்.

நாய் ஏரிக்குள் பாய்ந்தது. பஸ்ஸும் கிளம்பியது. ஜன்னலில் தொங்கிய தலைகள் எல்லாம் சிரித்தன. குமரேசன் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே, "அப்ப நான் கெளம்பட்டுமாக்கா?" என்றான். அக்கா காதில் அது விழவேயில்லை. அவள் கரையிலிருந்து இரண்டடி இறங்கி நின்றாள். புயல் தூரத்தில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. இதுவரை அவள் கூப்பிட்டு அது மனசாக வந்ததே இல்லை.

"ஹோல்டான்!"

குரல் பிசிறியது. நாய் நின்றது. துடைப்பக்கட்டை இருக்கிறதா என்று பார்த்ததோ என்னவோ, ஒரு கணம் யோசித்தது. பிறகு கிளம்பியது பாருங்கள், நேராக அவளிடம், அண்ணனைத் தாண்டி, என்னைத் தாண்டி. அவள் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது.

அக்காவிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அண்ணன் பக்கத்தில் வந்து தோளில் தொங்கிய பையைத் திறக்கப் போனார். அதற்குள் அவளே அந்தத் தோல் பைக்குள் கையை விட்டு, சில்லறை அறையைத் துழாவி, கார்த்திகை மாதத்தில், தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு பிடி கருவாட்டை அள்ளினாள். துண்டு துண்டாக ஊட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணாமலையார் கோச்சிக்க மாட்டாரு" என்றாள் என்னிடம். பிறகு நாயின் முதுகைத் தட்டி, "போலாம், ரைட்" என்று அனுப்பிவிட்டுப் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.