நாற்பத்தேழாம் நம்பரைக் காணோம்

தரணீதரனுக்கு முப்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சம்பளத்துக்குக் குறைவில்லை, ஆள் வாட்டசாட்டம், குடியில்லை, பீடியில்லை. அப்புறம் என்ன கேடு என்று கேட்பீர்கள். கேட்காத ஆளே இல்லை, கம்பெனி வேன் டிரைவர் முதற்கொண்டு கேட்டாயிற்று. காரணம் ஒன்றே ஒன்றுதான். அவனுடைய அக்கா செல்லாத்தாள் அவனோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது.

அக்கா பேசாவிட்டால் கல்யாணம் நிற்குமா? எங்கள் பக்கம் நிற்கும். உடன்பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் என்கிற சடங்கைச் செய்த பிறகுதான் மாப்பிள்ளை தாலி கட்டப் போக முடியும். உடன்பிறந்தவள் இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து ஒப்பேற்றிக்கொள்வது உண்டு. அவனிடமும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தார்கள். "குத்துக்கல்லாட்டம் அக்கா இருக்கறப்ப இன்னொருத்திய உக்கார வெக்கறதுங்களா? அப்படியொரு கல்யாணமே வேண்டாமுங்க" என்று எழுந்து போய்விட்டான்.

அவனுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போதே அம்மா அப்பா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்போது செல்லாத்தாளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாமியார் என்ன சொல்வாளோ, ஊர் என்ன சொல்லுமோ என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து அவிநாசிபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் சுப்பண்ணனும் நல்ல மனுஷன், ஒரு சொல் முகம் சுளித்துச் சொன்னதில்லை. பனியன் கம்பெனியில் நிலையான வேலை கிடைத்துத் திருப்பூரில் ரூம் எடுக்கும் வரைக்கும் தரணீதரன் அந்த வீட்டுச் சோற்றைத்தான் தின்றான்.

அப்படிப்பட்ட அக்கா ஏன் பேசவில்லை? தப்பு முழுக்க இவன் மேல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். கட்டிங் டேபிள் முன்னால் பத்து மணி நேரம் நின்று கால் வீங்குகிறது என்று டாக்டரிடம் போனான். அவர் தினமும் நடக்கச் சொன்னார். இவன் நடந்தான், நடந்தது ஓட்டமாயிற்று, ஓட்டம் பைத்தியமாயிற்று. எங்கே ஓட்டப் பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டினாலும் அங்கே போய் நிற்பான்.

இரண்டாயிரத்து ஐந்தில் அக்கா மகள் தேஜஸ்ரீக்குத் திரட்டிச் சீர் வைத்தார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்கிற சீர். தாய்மாமன் எடுத்து வந்த பட்டைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நேரம். அதே ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயமுத்தூரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். ஏழு மணிக்குள் ஓடி முடித்தால் ஒன்பதுக்குத் திருப்பூர், குளித்துப் பட்டை எடுத்துக்கொண்டு பத்துக்கு அக்கா ஊடு. அவன் போட்ட திட்டம் என்னவோ சரிதான். ஆனால் கொடியசைக்க வேண்டிய பெரிய மனுஷர் எட்டரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். அப்போதாவது திரும்பியிருக்கலாம். படுபாவி, திரும்பவில்லை. இவ்வளவு நேரம் நின்றாயிற்று, ஓடிவிட்டே போகலாம் என்று ஓடினான்.

தண்ணி வார்த்த ஈரத் தலையோடு பெண் உட்கார்ந்திருக்கிறாள், தாய்மாமனைக் காணோம். பட்டுச்சேலை அவன் ரூமில் பூட்டுக்குள் கிடக்கிறது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று கடைசியில் தாராபுரத்துப் பெரியப்பா மகன் ஒருத்தர் ஏதோ ஒரு சேலையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றினார். இவன் வந்து இறங்கியபோது பந்தியில் கடைசி வரிசை கை கழுவிக்கொண்டிருந்தது.

செல்லாத்தாள் கத்தவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே அவனை நிறுத்தினாள். "நீ ஓடிட்டே இரு சாமி. ஓடறவனுக்கு எதுக்கு அக்கா, எதுக்கு ஊடு? இனி என் வாசல்ல உன் காலு படக் கூடாது" என்றாள். அந்தக் கோபத்திலும் சாமி என்றுதான் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் போகாத போக்கில்லை, சொல்லியனுப்பாத ஆளில்லை. பொங்கலுக்கு அக்காவுக்கு எடுத்த சேலையும் கரும்பும் அதே பஸ்ஸில் திரும்பி வந்தன. கம்பெனியில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் மெஸ் சோறு. கம்பும் தட்டைப்பயிறும் போட்டு அக்கா ஆக்குவதை நினைத்தால் தொண்டையில் சோறு இறங்காது. அக்கா என்று வாய்விட்டுக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஏக்கம். செக்கிங் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அக்கா என்று கூப்பிடும்போது இவன் திரும்பிப் பார்ப்பான்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு சைக்கிள் கிளப்காரர்கள் நோட்டீஸ் போட்டார்கள். டிரையத்லான் என்று பேர், கம்பெனிப் பையன்கள் வாயில் அது மூணு பந்தயம் ஆகிவிட்டது. பொங்கலூர் பக்கத்துக் குளத்தில் நானூறு மீட்டர் நீச்சல். கரையேறி, அவிநாசிபாளையம் நாலு ரோடு வரை போய்த் திரும்ப இருபது கிலோமீட்டர் சைக்கிள். பிறகு குளத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். தரணீதரன் அவிநாசிபாளையம் என்ற பேரை நாலு தரம் படித்தான். அக்கா ஊடு அந்த ரோட்டு மேலேயே, நாலு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். சைக்கிளில் போகிறவன் கால் வாசலில் படாது அல்லவா? அக்கா ஒரே ஒரு தரம் வெளியே வந்து நின்று பார்த்தால் போதும் என்று பேர் கொடுத்துவிட்டான்.

பழைய பஸ் ஸ்டாண்டில் சுப்பண்ணனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னான்.

"மச்சான், நாப்பத்தேழாம் நம்பருங்க. அக்காகிட்டச் சொல்லிப் பாருங்க. பேச வேண்டாமுங்க, வந்து நின்னாப் போதும்."

"சொல்றேன் மாப்ள. வருவாளான்னு எனக்குத் தெரியாது. உம் பேரெடுத்தா அன்னைக்குப் பூரா ஊட்டுல பாத்திரந்தான் பேசும்" என்றார் சுப்பண்ணன்.

ஓட்டமும் சைக்கிளும் பழக்கந்தான். நீச்சலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறங்கினான். நாற்பதடிச் சதுரக் கிணறு. சின்ன வயதில் எப்படி நீந்தினானோ அப்படியே சுவரை ஒட்டி இடப்பக்கமாகச் சுற்றி வருவான். ஐம்பது சுற்று, அறுபது சுற்று. கிணற்றில் நீந்துகிறவன் தலையைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை, எங்கே போனாலும் சுவர்தான். நம்ம பக்கத்து நீச்சலுக்கு இந்த ஒரு கோளாறு உண்டென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை மாதம், மழை பெய்து குளம் நிரம்பியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து டாக்டர்களும் காலேஜ் பையன்களுமாக அறுபது பேர், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றார்கள். நம்ம ஆள் கட்டிங்கில் மிஞ்சிய துணியில் தைத்த டிரவுசரோடு நின்றான். குளத்து நடுவில் நீல டிரம் ஒன்று மிதந்தது. அதைச் சுற்றிவிட்டு வர வேண்டும். ஏழு மணிக்கு விசில் ஊதினார்கள். தலையைத் தண்ணிக்குள் விட்டான், வீசினான் கையை.

நல்ல வேகமாகத்தான் போனான். அக்கா வாசலில் நிற்பாளா, நின்றால் சிரிப்பாளா, முகத்தைத் திருப்பிக்கொள்வாளா என்று யோசித்துக்கொண்டே போனான். உடம்பு தன் பழக்கத்துக்கு இடப்பக்கமாக வளைந்துகொண்டே போனது. முகத்தில் கோரைப்புல் குத்தியதும் தலையைத் தூக்கினான். எதிர்க் கரை! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வேலாத்தாள் என்கிற அம்மா குச்சியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"ஏனுங் கண்ணு, எல்லாரும் அக்கட்டால போறாங்க. நீங்க மட்டும் இங்க எங்கீங்க வந்தீங்க?"

"டிரம் எங்கீங்க?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

அவள் குச்சியை நீட்டிக் காட்டினாள். திரும்பி நீந்தினான். மறுபடியும் வளைந்தது. பரிசலில் காவலுக்கு வந்தவர்கள் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டேன் என்றான். நாலு கைவீச்சுக்கு ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து ஒருவழியாக டிரம்மைச் சுற்றிக் கரையேறியபோது, முதலில் போன சைக்கிள்கள் திரும்பியே வந்துவிட்டன. ஏறி மிதித்தான். பந்தயம் போனால் போகட்டும், மயிரே போச்சு. அக்கா நிற்பாளா என்பதுதான் அவனுக்கு.

வழியெல்லாம் எதிரே சைக்கிள்கள் வந்தன, அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஒரு பல்லடம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வந்தது, மண்ணில் இறக்கி வழிவிட்டான். அக்கா ஊட்டை நெருங்கியதும் மெதுவாக்கினான். கேட்டில் பூட்டுத் தொங்கியது. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. வேண்டுமென்றே பூட்டிக்கொண்டு போய்விட்டாளே என்று நினைத்தான், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அழுதுகொண்டே நாலு ரோட்டுக்குப் போனான்.

அங்கே கிளப்காரப் பையன் ஒருவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுடிதார் போட்ட பெண்ணொருத்தி நின்றாள். இவன் கையில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்ததும் அலறினாள்.

"மாமா! நீங்க உசுரோட இருக்கறீங்களா?"

மூன்று வருஷத்தில் அவ்வளவு வளர்ந்துவிட்டாள், குரலை வைத்துத்தான் தேஜஸ்ரீ என்று தெரிந்தது.

"அம்மா ஆறரை மணிக்கே ஊட்டப் பூட்டிட்டு வந்து இந்த வேலிக்குப் பொறத்தால நின்னுட்டாங்க மாமா. நீங்க பாக்கக் கூடாதுன்னுதான் மறைஞ்சு நின்னாங்க. நாப்பத்தாறு போச்சு, நாப்பத்தெட்டு போச்சு, உங்களக் காணோம். இந்த அண்ணங்கிட்டப் போயி கேட்டா, அவரு போன்ல விசாரிச்சுட்டு, தண்ணில இன்னும் ஒருத்தர் பாக்கின்னு சொன்னாரு. அவ்வளவுதான், அம்மா நெஞ்சுல அடிச்சுட்டு பல்லடம் பஸ்ஸுல ஏறிட்டாங்க."

பையன் முழித்தான். போன் போட்டுப் பார்த்தான், லைன் கிடைக்கவில்லை. செல்லாத்தாளிடம் செல் கிடையாது. தரணீதரன் அந்த பஸ்ஸை நினைத்தான். மண்ணில் இறங்கி வழிவிட்ட பஸ்ஸில் அக்கா அழுதுகொண்டு போயிருக்கிறாள். அன்றைக்கும் காத்திருக்க வைத்தான், இன்றைக்கும் காத்திருக்க வைத்துவிட்டான், அதுவும் சாவுச் சேதி மாதிரி. சைக்கிளைத் திருப்பினான். அந்தப் பத்துக் கிலோமீட்டரை மிதித்த மாதிரி அவன் வாழ்நாளில் மிதித்ததில்லை. "வந்துட்டேன்க்கா, வந்துட்டேன்க்கா" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு மிதித்தான்.

குளத்தில் செல்லாத்தாள் முழங்கால் தண்ணியில் நின்றுகொண்டிருந்தாள். சேலை பாதிக்கு நனைந்திருந்தது. கரையில் நாலு பேர் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். "அவரு கரையேறிப் போயிட்டாருங்கம்மா" என்றார்கள். வேலாத்தாளும் ஆட்டை விட்டுவிட்டு வந்து, "அந்தக் கண்ணு எங்கிட்டப் பேசிட்டுத்தான் போச்சுங்க" என்றாள். செல்லாத்தாள் கேட்கிற நிலையில் இல்லை. "எங்கண்ணுல படாம எந்தப்பக்கம் போவான்? இன்னொருக்கா எறங்கிப் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான் தரணீதரன்.

திரும்பினாள். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். கரையேறி, சேலை நுனியைப் பிழிந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.

"நாப்பத்தேழு! ஓட்டம் இந்தப் பக்கமுங்க. இன்னும் நேரம் இருக்குது, முடிச்சா மெடல் உண்டு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவனுக்கு அது காதிலேயே ஏறவில்லை. சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு அக்காவின் பின்னால் நடந்தான்.

ரோட்டோரம் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்கள். "தப்புத்தானுங்க்கா" என்றான். அவள் பஸ் வருகிற திக்கையே பார்த்தாள். "அன்னைக்கே திரும்பி வந்திருக்கோணும். எனக்கு வேற ஆரு இருக்கறாங்க?" என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறினாள். என்ன ஆனாலும் சரி என்று இவன் பின்னால் ஏறிவிட்டான். வெறுங்கால், ஈர டிரவுசர், கையில் மையால் எழுதிய நம்பர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் நேரே இவனிடம் வந்து, "எங்கீங்க போகோணும்?" என்றார். அப்போதுதான் தரணீதரனுக்கு டிரவுசரில் பாக்கெட்டே வைக்கவில்லை என்பது உறைத்தது. இரண்டு கையாலும் இடுப்பைத் தடவினான். கண்டக்டர் முகம் மாறியது. "டிக்கெட் எடுக்கலீன்னா எறங்கிக்குங்க சார்" என்று விசிலை வாயில் வைத்தார்.

"ஏனுங்க, அவன எறக்கீராதீங்க" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. செல்லாத்தாள் திரும்பாமலே சுருக்குப்பையைப் பிரித்தாள்.

"அவிநாசிபாளையம். ரெண்டு."