களிமண் பங்குக்குக் கேட்ட விலை

பங்குத் தரகு என்பது, லாபம் வந்தால் வாடிக்கையாளரின் மூளைக்கும் நஷ்டம் வந்தால் தரகரின் ராசிக்கும் கணக்கு எழுதப்படும் தொழில். விருத்தாசலம் கடைவீதியில், ஒரு மருந்துக்கடை மாடியில், இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அதை நான் நடத்தினேன். பங்கு வாங்கிவிட்டு முழிக்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பலரிடம் ஒரே பங்குதான் இருந்தது. பீங்கானுக்கு ஆகும் வெள்ளைக் களிமண்ணை வெட்டி விற்கும் சின்னச் சுரங்கக் கம்பெனி அது. நம்ம ஊர் மண்ணாயிற்றே என்று வாங்கிப் போட்டார்கள். வருஷக்கணக்கில் அது அசையாமல் கிடந்தது. திடீரென்று வடக்கேயிருந்து ஒரு பெரிய டைல்ஸ் கம்பெனி, பங்குக்குப் பதினெட்டு ரூபாய் தருகிறோம், விற்கிறவர்கள் விற்கலாம் என்று எல்லாருக்கும் கடிதம் போட்டது. பாதிப் பங்குக்கு மேல் சேராவிட்டால் வாங்கவே மாட்டோம் என்று ஒரு நிபந்தனையும் வைத்தது.

பட்டாவோடு வந்தவர்

கடிதத்தோடு முதலில் படியேறியவர் நல்லூர் தங்கராசு. அவருடைய நிலத்தில் பாதி முன்பே ஒரு சுரங்கத்துக்குப் போயிருந்தது. வந்த பணத்தில் கொஞ்சத்தை இந்தப் பங்கில் போட்டிருந்தார். மிச்ச நிலத்தில் போர்க் கிணறு வற்றிவிட்டது, புது போர் போடக் கையில் காசில்லை.

இங்கிலீஷில் ஒரு கடிதம், அதில் சுரங்கத்தின் பெயர், கீழே ஒரு கெடு தேதி. இதையெல்லாம் அவர் ஏற்கெனவே ஒரு தடவை அனுபவித்தவர் அல்லவா, மறுபடியும் நிலம் எடுக்க வருகிறார்கள் என்று பட்டா நகலோடு வந்திருந்தார். பங்கு, சந்தை, ஆஃபர் என்று நான் தொண்டை வறளப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரிம்மா. வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலை குடுப்பாங்களான்னு மொதல்ல கேட்டுச் சொல்லு."

கட்டாயமில்லை

மறுநாளும் வந்தார். இது நிலம் எடுப்பு இல்லை, இஷ்டமிருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. தாசில்தார் வர மாட்டாரா என்றார். பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்றார். உங்கள் கையெழுத்தில்லாமல் ஒரு பங்கைக்கூடத் தொட முடியாது என்றேன்.

கூடவே உள்ளதையும் சொன்னேன். யாரும் கொடுக்காவிட்டால் ஆஃபர் விழுந்துவிடும், பங்கு பழையபடி ஆறு ரூபாய்க்கே போய்விடலாம், போரும் அம்போதான். அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. "கேட்டா மாட்டேன்னு சொல்லலாமா? அப்ப மாட்டேன்."

துபாய் போன்

தங்கராசுவின் 'மாட்டேன்' பஸ் ஏறி மங்கலம்பேட்டைக்குப் போனது. அங்கே துணிக்கடை வைத்திருந்த மெஹருன்னிசா, கடை வருமானத்தில் தன் பெயரிலேயே பங்கு வாங்கியிருந்தார். கணவர் துபாயில். மெஹருன்னிசா என்னிடம் வந்திருந்த நேரத்தில், கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிடு என்று அவர் என் ஆபீஸ் போனுக்கே கூப்பிட்டுச் சத்தம் போட்டார். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. மெஹருன்னிசா அதை என்னிடமிருந்து வாங்கி, எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். விற்கப் படிவம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "அவுங்க அடுத்த பெருநாளைக்குத்தான் ஊருக்கு வருவாங்க. அதுக்குள்ள வெலை ஏறிடும்க்கா."

கல்யாண மண்டபத்தில் சாப்பாடு

ஊரில் ஒரு படிவமும் நகரவில்லை என்றதும், டைல்ஸ் கம்பெனி தன் ஆளையே அனுப்பிக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. சாப்பாட்டில் குறையில்லை, அப்பளம் கேட்கக் கேட்க வந்தது. கோட் போட்டவர் உருக்கமாகப் பேசினார். பள்ளத்தில் மண் தீர்ந்துகொண்டிருக்கிறதாம், கம்பெனி தேறாதாம், உங்கள் நன்மைக்காகத்தான் வந்தோம் என்றார்.

செராமிக் பேட்டையில் பொம்மைச் சூளை வைத்திருந்த செல்வமணி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுந்தார். "ஒண்ணுத்துக்கும் ஆவாத கம்பெனின்னா, இந்த வெயில்ல கோட்டு போட்டுக்கிட்டு நீங்க ஏன் சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

முப்பத்தொன்று

அதற்குப் பிறகுதான் சோதனை. ஆஃபர் விழுந்துவிடும் என்ற பேச்சில் சந்தையில் பங்கு சரிந்தது. உன் ஊரில் மட்டும் ஏன் ஒரு படிவமும் வரவில்லை என்று எங்கள் தரகுக் கம்பெனியின் சென்னை ஆபீஸ் என்னை வறுத்தெடுத்தது. தங்கராசுவின் வற்றிய போர் கண்ணிலேயே நின்றது. அவரோ தினமும் வந்து, இன்றைக்கும் கட்டாயமில்லைதானே என்று கேட்டுவிட்டு, திருப்தியாகப் படியிறங்கிப் போவார்.

கெடு நெருங்கிய ஒரு காலையில் கம்ப்யூட்டரில் அறிவிப்பு வந்தது. டைல்ஸ் கம்பெனி விலையை ஏற்றிவிட்டது, பதினெட்டு ரூபாய் முப்பத்தொன்றாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் யாருக்கோ மயக்கம் என்று மருந்துக்கடைக்காரர் சோடாவோடு ஓடி வந்தார். சந்தோஷத்தில் அதை நானே வாங்கிக் குடித்தேன்.

மத்தியானத்துக்குள் படிக்கட்டு நிறைந்துவிட்டது. செல்வமணியும் மெஹருன்னிசாவும் கையெழுத்துப் போட்டார்கள். தங்கராசு கடைசியாக வந்தார். போருக்கும் ஆச்சு, மோட்டாருக்கும் ஆச்சு என்றேன். அவர் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் பேனாவைத் திறந்தார். "நெலத்துக்குக் குடுத்தது அவங்க சொன்ன வெலைம்மா. இது நாம்ப மாட்டேன்னு சொன்ன வெலை."

அன்றிலிருந்து எந்தப் பங்கை விற்கலாமா என்று கேட்டாலும் தங்கராசு முதலில் மாட்டேன் என்றுதான் சொல்வார், என் கமிஷன்தான் பாவம்.