மேல்மாடிக்காரரின் ஹெலிகாப்டர்

என் அக்காவின் கணவரை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்மாடி என்பார்கள். கட்டடம் எத்தனை மாடி ஏறினாலும் அதற்கும் மேலே, டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் அவர். காலையில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாடும் தண்ணீரும் கூடவே ஏறும். தரையில் திரியும் எங்களைக் கண்டால் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். நான் கீழே வாக்கிடாக்கியோடு நின்று, சுமையை எங்கே இறக்க வேண்டும் என்று காட்டும் சிக்னல்மேன். "மச்சான், நீ வாயால பொழைக்கிறவன், நான் கையால பொழைக்கிறவன்" என்று அக்கா முன்னாலேயே என்னை ஓட்டுவார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொங்குகிற சுமை காற்றில் ஆட ஆரம்பித்தால், புதிதாக வந்தவன் பதறிப்போய்க் கிரேனை எதிர்ப்பக்கம் இழுப்பான். ஊஞ்சலை உந்திவிட்ட மாதிரி ஆட்டம் இன்னும் கூடிவிடும். தொழில் தெரிந்தவர், சுமை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கிரேனையும் கொண்டுபோய் அதன் தலைக்கு நேர்மேலே நிறுத்துவார். ஆட்டம் அடங்கிவிடும். அத்தான் இதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அவர் இறக்குகிற கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். அவ்வளவு நம்பிக்கை.

பிறகு கட்டடத்தின் பங்காளிகளுக்குள் வழக்கு வந்து வேலை பாதியில் நின்றது. நான் கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனேன். அவர் போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, தொடைமேல் வைத்த கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அக்கா காய் நறுக்கச் சொன்னால் நறுக்குவார், போதும் என்றால் நிறுத்துவார். பேச்சே குறைந்துபோயிற்று. "இப்படியே விட்டா இந்த மனுஷன் கெட்டுப்போயிடுவாருடா. ஏதாவது பண்ணு" என்று வாசலில் வைத்து அக்கா என்னிடம் அழுதாள்.

பண்ணினேன். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் தூசி பிடித்துக் கிடந்தது. பொம்மைக்கு என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரருக்கு மூக்குமேல் கோபம் வந்தது.

"பொம்மையா? அது சுத்துறப்ப விரல விட்டுப் பாருங்க, விரல் இருக்காது. பழகணும்ங்க, லேசுல வராது."

லேசில் வராது என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினேன்.

அத்தான் ரிமோட்டைக் கையில் எடுத்ததும் சிரித்தார். அதில் இரண்டு குச்சிகள், கிரேன் கூண்டிலும் இரண்டு பிடிகள். "இதென்னடா பெரிய வித்தை" என்றார். கடைக்காரர் சொல்லித்தந்தபடியே எல்லாம் செய்தோம். கவிழாமல் இருக்க அடியில் இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறியாகக் கட்டி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்துகளைச் செருகினோம். வால் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும், கணுக்கால் உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தப் பழகுவதுதான் முதல் பாடம். மூடிக் கிடந்த கிடங்குக்குப் பின்னால் சிமெண்டுத் தரை இருந்தது. கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனோம்.

தரையை விட்டுக் கிளம்பியதும் அது இடப்பக்கம் நழுவியது. அத்தான் குச்சியை இடப்பக்கமே தள்ளினார். அது சொன்ன பேச்சைக் கேட்டு, இன்னும் வேகமாக இடப்பக்கம் பாய்ந்து சுவரில் மோதி இறக்கையை உடைத்துக்கொண்டது. மாற்று இறக்கை போட்டோம். இம்முறை வலப்பக்கம் நழுவியது. அவர் கையும் வலப்பக்கமே போயிற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நழுவுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளணும்ங்க. நீங்க அது கூடவே போறீங்க" என்றார் கடைக்காரர்.

"எனக்குப் புரியுது. கைக்குப் புரியலையே" என்றார் அத்தான்.

அந்தக் கைக்குப் புரியவைத்தவன் நான்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஹெலிகாப்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவர் வீட்டுக் கூடத்தில் முதுகைக் காட்டி நிற்பேன். இடப்பக்கம் நகர்வேன், அவர் குச்சியை வலப்பக்கம் தள்ள வேண்டும். வலப்பக்கம் நகர்வேன், இடப்பக்கம். தப்பாகத் தள்ளினால் அக்கா சமையலறையிலிருந்து "அவுட்டு!" என்று கத்துவாள். குடிகாரன் மாதிரி தள்ளாடித் தள்ளாடி என் இடுப்பு கழன்றது. வாரக்கணக்கில் இதுவே வேலை. அந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

கடைசியில் ஒரு காலையில் அது நின்றது. கணுக்கால் உயரத்தில், ஆணி அடித்த மாதிரி. காற்று தள்ளியது, அவர் கை எதிர்ப்பக்கம் லேசாக அசைந்தது. யோசிக்கவே இல்லை, தானாகப் போயிற்று.

"நிக்குது மச்சான்! நிக்குதுடா!" என்றவரின் கண் நிறைந்துவிட்டது.

வழக்கு முடிந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அக்கா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள், அவர் விசிலடித்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

அன்றைக்குக் காற்று இருந்தது, கிரேனை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. கம்பிக் கட்டு இறங்கி வரும்போது என் பக்கமாக ஆடியது. பழகிய ஆட்டம்தான். கிரேனும் என் பக்கம் திரும்பும், ஆட்டம் அடங்கும் என்று அப்படியே நின்றேன். கிரேன் எதிர்ப்பக்கம் திரும்பியது. கட்டு விலகிப் போய், முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது. மறுபடியும் எதிர்ப்பக்கம். அவர் எதை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "கூடவே போங்க அத்தான், கூடவே!" என்று வாக்கிடாக்கியில் அலறினேன். எனக்குப் பின்னால் தூண். என் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்தவர்கள் காற்றுதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். நானும் அதையே சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு அவர் வந்தார். கட்டிலருகே ஸ்டூலில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் கேட்டார்.

"நீ பாத்தியா மச்சான்? என் கை எந்தப் பக்கம் போச்சு?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேலா, என்மேலா, தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"சரியான பக்கம்தான் போச்சு அத்தான். காத்துதான் மோசம் பண்ணிடுச்சு."

"எதுக்குச் சரி?" என்றார். "கிரேனுக்கா, ஹெலிகாப்டருக்கா?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரும்பியதில் போர்வை நழுவி, கட்டுப் போட்டிருந்த காலின் மிச்சம் வெளியே தெரிந்தது. அதை இழுத்துப் போர்த்திவிட அவர் கை நீண்டது. பாதியிலேயே நின்றது. கையை மறுபடி தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, வராண்டாவைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார்.