தாளிக்காத குழம்பு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அரூர் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே போகிறது என்று படித்துச் சொன்னால், அப்பா சுற்றி நிற்பவர்களை ஒருமுறை பார்த்துக்கொள்வார். நான் படித்தது அவர்களுக்கும் கேட்க வேண்டும் அவருக்கு.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது தம்பிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைத் தாண்டி வெளியாள் யாரும் வரமாட்டார்கள். வீட்டில் எதையும் தாளிக்கக் கூடாது. எண்ணெயில் கடுகு வெடித்தால் வந்திருக்கும் ஆத்தாவுக்கு ஆகாது. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை இறக்கி அனுப்பும்வரை வெந்த பருப்பும் உப்பும்தான். என்னையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

தம்பிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஊருக்கு வரும் நர்ஸ் வேப்பிலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல சளி கட்டியிருக்கும்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க" என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஆட்டோ கூட்டிவந்தார். அதற்குள் அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியை அடைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்தா வூட்ல இருக்கறப்ப ஊசி குத்தறதா? எங்கண்ணன் கண்ணு போனது மறந்துபோச்சா உங்களுக்கு?"

மாமாவுக்குச் சிறுவயதில் அம்மை போட்டபோது ஊசி போட்டார்களாம். ஒரு கண் போய்விட்டது. அம்மா அதைப் பார்த்து வளர்ந்தவள்.

"ஏறுறீங்களா இல்லீங்களா? அம்மை போட்ட வூட்டு முன்னால வண்டிய ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாதுங்க" என்றார் ஆட்டோக்காரர். அப்பா அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். விடிந்தபோது தம்பி இல்லை.

நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும், சில நாளில் போலீஸ் வந்தது. தண்ணீர் ஊற்றப் பிள்ளை இல்லாததால் வேப்பிலையை எடுப்பதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அது காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வந்த போலீஸ்காரரும் அதைப் பார்த்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெளியிலேயே நின்றார்.

"யாருய்யா ஆஸ்பத்திரி வேணாம்னது?"

"நாந்தானுங்க" என்றார் அப்பா.

அம்மா வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு" என்று அப்பா அவளை அடக்கினார். பொய் சொல்லக் கூடாது என்று படித்தவள் ஆயிற்றே நான். "இல்லப்பா, அம்மாதான..." என்று ஆரம்பித்தேன்.

"பெரியவங்க பேசறப்ப உனக்கென்ன பேச்சு? உள்ள போ!"

அதற்கு முன் அப்பா என்னை அதட்டியதே இல்லை. எல்லாவற்றிலும் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்பவர் இதிலும் முந்திக்கொள்கிறார் என்று எனக்குக் கோபம். அவரை அழைத்துப் போனபோது நான் வெளியே வரவில்லை.

அதன்பிறகு வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. வீட்டிலும் பேச்சில்லை. அம்மா சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். குழம்பில் கடுகு இருக்காது, கறிவேப்பிலை இருக்காது. அப்பா இல்லாததால்தான் என்று நினைத்து விழுங்கினேன்.

வழக்கு முடிந்து, சிறையில் இருந்துவிட்டு அப்பா திரும்பி வந்தார். அன்றும் அதே குழம்பு. அவர் பிசைந்து சாப்பிட்டார். என்னால் முடியவில்லை.

"ஏம்மா, கடுகு தீந்துபோச்சா?"

"ஆத்தா இன்னும் இறங்கல கண்ணு" என்றாள் அம்மா.

வாசலைப் பார்த்தேன். வேப்பிலையை யாரோ எப்போதோ எடுத்துப் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள், நாள் கணக்கு தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்துவந்து, எத்தனை மாதம் ஆகிவிட்டது என்று அவளுக்கு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.