சிக்கம்மாவின் வாய்ப்பாடு

சிக்கம்மா போய்விட்டாள் என்று என் மகள் செல்வி போனில் சொன்னாள். நான் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். "எந்தச் சிக்கம்மா?" என்று கேட்டேன். நமக்கு ஏது இரண்டு சிக்கம்மா! வந்த சேதி வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

அவள் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். சிக்கம்மா என்றால் அவர்கள் பேச்சில் சித்தி. என் பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுதான் அவள் பெயர் என்று ஊரே நினைத்துக்கொண்டது. இதைப் படிக்கிற நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், அவளுக்கு அது பிடிக்காது.

எழுபதுகளில் எங்கள் கொட்டாய் வீடு நிலத்துக்கு நடுவில் தனியாக இருந்தது. பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம். மழை பிடித்தால் அந்தப் பக்கம் போன பிள்ளை அந்தப் பக்கமேதான். அதனால் ஐந்தாவது வரை வீட்டிலேயே படிக்க வைத்தோம். நான் ஐந்தாவது பாஸ். தமிழ் என் பொறுப்பு. அவள் எட்டாவது வரை போனவள். கணக்கு அவள் பொறுப்பு. தொழுவத்துக்குப் பக்கத்தில் பாடம் நடக்கும். "மண்டையில ஏறலன்னா மறுபடி சொல்லு. வாயி என்ன தேஞ்சா போயிடும்?" என்பாள். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார். மூத்தாரும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

செல்வியை ஆறாவதில் சேர்க்கப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. பெரிய வாத்தியார் கேள்வி கேட்டுப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார். "எடம் கெடைக்கலன்னா ஆட்ட ஓட்டிக்கினு போவட்டும். அடுத்த வருசமெல்லாம் அலைய மாட்டேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன்.

விடிந்ததும் கன்று அவிழ்த்துக்கொண்டு பாலையெல்லாம் குடித்துவிட்டது. அதைப் பிடிக்க ஓடிய நேரத்தில் ஆடு செல்வியின் புது ரிப்பனைத் தின்றது. பாதி ரிப்பன் வாயில் தொங்க ஆடு கொட்டாயைச் சுற்ற, அழுதுகொண்டே செல்வி ஆட்டைச் சுற்றினாள். வேப்பங்குச்சியும் வாயுமாக வந்த என் வீட்டுக்காரர், அழுகையை நிறுத்தலாம் என்று எண்ணி, "ஏழெட்டு எவ்ளோடி?" என்றார்.

"ஐவத்தாறு."

"என்னாது?"

"ஐவத்தாறுப்பா."

குச்சியைத் துப்பினார். "ஒம்பதெட்டு?"

"எப்பத்தெரடு."

"ஏன்டி, இது கன்னடத்துல சொல்லுது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் வீட்டில் மாடு ஓட்டுவதும் கணக்குப் போடுவதும் கன்னடம். சாமி கும்பிடுவதும் சண்டை போடுவதும் தமிழ். இத்தனை வருஷம் காதில் விழுந்தும் அது வேறு பாஷை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"தமிழ்ல ஏன் சொல்லித் தரலன்னு அவளக் கேளு" என்றார். அவள் மூன்றடி தள்ளித்தான் நிற்கிறாள். நான் திரும்பி, "தமிழ்ல ஏன் சொல்லித் தரலன்னு கேக்கறார்" என்றேன்.

"எனக்கே கன்னடத்துலதான் வருதுன்னு சொல்லுங்கக்கா. தமிழ்ல ஆரம்பிச்சா நடுவுல மாடாட்டம் நின்னுக்குது."

இந்தப் பேச்சுவார்த்தை முடிவதற்குள் பஸ் போய்விட்டது. வண்டியைக் கட்டினோம். காளைகள் சிக்கம்மாவின் தாய்வீட்டிலிருந்து வந்தவை. அவற்றுக்கும் தமிழ் தெரியாது. எப்போதும் அவற்றை ஓட்டுகிற கொழுந்தன் ஊரில் இல்லை. என் வீட்டுக்காரர் என்ன அதட்டியும் அவை அசைபோட்டுக்கொண்டே நின்றன. வேறு வழியில்லாமல் சிக்கம்மா சாட்டையை வாங்கிக்கொண்டாள். "ஹத்து, ஹத்து!" என்று செல்வியை அவசரப்படுத்தினாள். கன்னடத்தில் அதற்கு ஏறு என்றும் பொருள், பத்து என்றும் பொருள். பயந்துபோயிருந்த பிள்ளை வண்டியில் ஏறாமல், கீழேயே நின்று பத்தாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தொடங்கியது.

வழிநெடுக ஆளுக்கொரு பக்கம் செல்விக்குத் தமிழ் எண்களைத் திணித்தோம்.

பெரிய வாத்தியார் எங்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்தார். தமிழைக் கடகடவென்று படித்துவிட்டாள். அது என் பாடம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்து, "ஒன்பது எட்டு எவ்வளவு?" என்றார். செல்வியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாங்கள் திணித்த தமிழும் உள்ளே இருந்த கன்னடமும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன.

"தெரியலையா? அடுத்த வருஷம் வாம்மா" என்றார் வாத்தியார்.

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். சிக்கம்மா கதவுக்குள் தலையை நீட்டினாள்.

"சார், அவளுக்குத் தெரியுங்க. கன்னடத்துல சொல்லச் சொல்லுங்க."

"எனக்குக் கன்னடம் தெரியாதேம்மா."

"உங்களுக்குத் தெரியாததுக்கு அவள எதுக்குங்க பெயிலாக்கறீங்க?"

"நீங்க யாரு?"

"அவ வாத்தியாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த சாட்டையையும் பார்த்தார். "அத வெளிய வெச்சிட்டு உள்ள வாங்க டீச்சர்" என்றார்.

அவர் கேட்க, செல்வி கன்னடத்தில் சொல்ல, சிக்கம்மா தமிழில் திருப்பிச் சொன்னாள். ஏழு ஒன்பதுக்கு, "அறுவத்தாறுங்க சார்" என்று திருப்பினாள்.

"இல்ல சிக்கம்மா! அறுவத்து மூணு!" என்று செல்வி கத்தினாள். நல்ல தமிழில்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். சிக்கம்மா வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாளா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கடைசிவரை சிரித்தே மழுப்பிவிட்டாள்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் முதல்முறையாக அவளிடம் நேராகப் பேசினார். "டீ குடிக்கிறியாம்மா?"

அவள் என் பக்கம் திரும்பி, "குடிக்கறேன்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

செல்வி கணக்கு டீச்சராகி, ரிட்டயரும் ஆகிவிட்டாள். இப்போது சிக்கம்மாவின் புடவையை யார் வைத்துக்கொள்வது, வளையல் யாருக்கு என்று பேச்சு நடக்கிறது. எனக்கு எதுவும் வேண்டாம். நம் பிள்ளைக்காக, கூப்பிடாத இடத்திலும் தலையை நீட்டலாம் என்பதை அவளிடமிருந்து முன்பே எடுத்துக்கொண்டேன். போன மாதம் பேத்திக்கு ஹாஸ்டலில் இடமில்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் கதவில், 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. ஐந்தாவது வரை படித்தவள் நான். நின்று ஒவ்வொரு எழுத்தாக, முழுசாகப் படித்தேன். படித்துவிட்டு உள்ளே போனேன்.